சிநேகிதி என்று சொன்னார்கள்

முதல் மணி அடித்து ஓய்வதற்குள்ளேயே எட்னா டீச்சருக்குக் கோபம் வந்துவிட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இல்லை. கோயிலின் பக்கவாசலில் செருப்பைக் கழற்றும்போதும் இல்லை. ஆர்கன் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சுவிட்சைப் போட்டபோது சபைச் செயலாளர் துரைசிங் அண்ணாச்சி பக்கத்தில் வந்து நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தலையில் தேங்காயெண்ணெய் மினுமினுப்பு, எழுபது தாண்டியும் வாட்டசாட்டமான ஆள். "டீச்சர், இன்னைக்கு முக்கியமான நாளு பாத்துக்கிடுங்க. சபையே திரண்டு வந்திருக்கு. நல்லா வாசிச்சிருங்க," என்றார். போகிற போக்கில் திரும்பி, சிரித்த முகமாக, "காலம் மாறிப்போச்சு, என்ன?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் ஏன் ஆட்டினோம் என்று இருந்தது. காலம் மாறிப்போச்சாம். மழை வந்துட்டுது, கரண்டு போயிட்டுது என்கிற மாதிரி. யாரும் ஒன்றும் செய்யாமலே அது பாட்டுக்கு ஒரு ராத்திரியில் மாறி, விடிந்ததும் வாசலில் பால் பாக்கெட் மாதிரிக் கிடந்ததாம், அண்ணாச்சி எடுத்து உள்ளே வைத்தாராம். நேற்று வரைக்கும் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டிருந்தது யார் கை? காலத்தின் கையா? அந்தக் கையில் தங்கப் பட்டை வாட்ச் கட்டியிருந்தது. இன்றைக்கும் கட்டியிருக்கிறது. காலம் மாறிப்போச்சு என்று சொல்லிவிட்டால் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அதற்குத்தான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

விரல்கள் துவக்கப் பாட்டைத் தொடங்கிவிட்டன. அவற்றுக்கு அவள் தேவையில்லை. பத்தொன்பது வயதிலிருந்து இந்தக் கோயிலில் வாசிக்கிறாள். முதலில் காலால் மிதிக்கிற பழைய ஆர்மோனியம், இப்போது சிங்கப்பூரிலிருந்து யாரோ அனுப்பிய இந்த மின்சார ஆர்கன். தூத்துக்குடி உப்புக்காற்றுக்கு இரண்டு கட்டைகள் அமுங்கினால் எழும்பாது, அவற்றைத் தொடாமல் தாண்டிப் போக இடது கை பழகிவிட்டது. ஆர்கன் பீடத்துக்குப் பக்கவாட்டில் இருப்பதால் கழுத்தைத் திருப்பாமலே முன்வரிசைகள் தெரியும். மூன்றாவது வரிசையில் அக்சா நின்றுகொண்டிருந்தாள், துரைசிங்கின் பேத்தி. அவளை ஒட்டி யமுனா, கோயம்புத்தூர்ப் பெண். கோயில் பழக்கம் இல்லாததால் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று அக்சாவின் முழங்கையைக் கவனித்துக்கொண்டே நின்றாள். இந்த இரண்டு பேரை வைத்துத்தான் இன்றைக்குத் தீர்மானம். இரண்டு பெண்களோ இரண்டு ஆண்களோ துணையாக வாழ்வதை இந்தச் சபை ஏற்கும், சட்டம் அதைக் கல்யாணம் என்று இன்னும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பீடத்தின் முன்னால் நிறுத்தி ஜெபித்து ஆசீர்வதிக்கும் என்று சபைக் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. இன்றைக்கு அதை எல்லோர் முன்னாலும் வாசித்து, சம்மதிக்கிறவர்களை எழுந்து நிற்கச் சொல்லப் போகிறார்கள். மேலிடத்திலிருந்து மிரட்டல் வந்ததாகவும் ஆயரம்மா சலோமி அதற்கு அசைந்து கொடுக்கவில்லை என்றும் பேச்சு. ஆயரம்மா இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெண் போதகரை என்னவென்று கூப்பிடுவது என்றே முதல் மாதம் முழுக்கத் தடுமாறினார்கள். ஐயரம்மா என்றால் இந்தப் பக்கத்தில் போதகர் பெண்சாதி என்று அர்த்தம். கடைசியில் ஆயரம்மா என்று வைத்துக்கொண்டார்கள். வேண்டும் என்று நினைத்தால் ஒரு புதுச் சொல்லை உண்டாக்க எவ்வளவு நேரம் ஆகிறது? ஒரு மாதம். வேண்டும் என்று நினைத்தால்.

பாட்டு முடிந்து பாவ அறிக்கை வந்தது. எல்லோரும் முழங்கால்படியிட்டார்கள். நாங்கள் செய்ததும் செய்யாமல் விட்டதும் என்று ஒரே குரலாக முணுமுணுக்கிற சத்தம், மின்விசிறிச் சத்தத்தோடு கலந்து, வண்டு குடைகிற மாதிரி. வாயெல்லாம் அசைகிறது. துரைசிங் வாயும் அசைகிறது. எதை நினைத்துக்கொண்டு அசைக்கிறார்? அக்சாமேல் கோபமில்லை, அதை முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. புதன்கிழமை இரண்டு பெண்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சின்ன வயதில் பாட்டு கிளாசுக்கு வந்த உரிமையில் அக்சா நேராக அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்த்தாள். "சிஸ்டராண்ட்டி போடுற சுக்குக்காப்பி வாசம் இன்னும் இருக்கு மிஸ்," என்றாள். சிஸ்டராண்ட்டி என்றால் மரகதம், இந்த வீட்டில் எட்னாவோடு இருந்தவள். ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்ததால் பிள்ளைகள் வைத்த பேர். பிறகு கூடத்தில் உட்கார்ந்து, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு நீங்கதான் வாசிக்கணும் மிஸ். ஏன்னு சொல்லவா? ரெண்டு பொம்பளைங்க ஒரே வீட்டுல சண்ட போட்டு, சிரிச்சு, மீனுக்குப் பேரம் பேசி, கடைசி வரைக்கும் இருக்க முடியும்னு நான் இங்கதான் பாத்தேன். அப்போ எனக்கு ஏழு வயசு," என்றாள். வாசிக்கிறேன் பிள்ளே என்று எட்னா சொன்னாள். மனசாரத்தான் சொன்னாள். அவர்கள் போன பிறகு டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் அந்தப் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்று மரகதத்திடம் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கேட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்குத் தெரியாதா? தெரியும். மாதர் சங்கத்துக்குத் தெரியும். முன்னிருந்த போதகர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சிநேகிதி என்று சொன்னார்கள்.

சிநேகிதி. நல்ல சொல்தான், அதற்கு என்ன குறை. ஆனால் அவர்கள் அதைச் சொல்கிறபோது சேலைத் தலைப்பால் ஒன்றைப் போர்த்தி மூடுகிற மாதிரி இருக்கும். டீச்சர் அவங்க சிநேகிதியோட வந்திருக்காங்க. டீச்சர் சிநேகிதிக்கும் ஒரு நாற்காலி போடுங்க. அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள்தான் மரகதம். ஒட்டப்பிடாரம் பக்கத்துப் பெண், கறுத்து மெலிந்து, வேகமாக நடப்பாள், மெதுவாகப் பேசுவாள். அம்மா போன பிறகு பெட்டியைக் கட்டினாள். "வேற எடம் பாத்திருக்கியா?" என்று எட்னா கேட்டாள். "இல்ல," என்றாள். "பிறகு எதுக்குப் பெட்டியக் கட்டுத?" "நீ போகச் சொல்லுவன்னுதான்." "நான் சொல்லலியே." பெட்டி மறுபடியும் அவிழ்ந்தது, அவ்வளவுதான், அதற்கு மேல் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, மோதிரமில்லை, மாலையில்லை, மணியடிக்கவில்லை, ஒரு டிரங்குப் பெட்டியை அவிழ்த்து நாலு சேலையை இவள் பீரோவில் அடுக்கினதுதான் எல்லாம். தனியா இருக்கிற பொம்பளைக்குத் துணைக்கு ஒரு ஆளு நல்லதுதான் என்று ஊர் சொன்னது. ஊருக்குப் பெரிய மனசு. பெயர் வைக்காதவரைக்கும் எதையும் பொறுத்துக்கொள்ளும். ஒருவேளை இது பொறாமையோ என்று நேற்றெல்லாம் யோசித்தாள். அந்தப் பிள்ளைகளுக்கு மாலையும் மணியும் கிடைக்கிறதே என்கிற பொறாமையோ? கொஞ்சம் இருக்கலாம். இருந்தால் என்ன? பட்டினி கிடந்தவள் பந்தியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டால் அதுவும் பாவக் கணக்கா?

பந்தி என்றதும் நினைப்பு அசனத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. வேதத்திலிருந்து முதலாம் பாடம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் வளாகத்தில் அண்டா அண்டாவாகச் சோறும் சாம்பாரும் பொங்கி, பணக்காரன் ஏழை எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. சமத்துவ விருந்து என்று போஸ்டர் ஒட்டுவார்கள். மரகதம் முதல் வருஷம் ஆசையாக முந்தின இரவே போனாள், காய் நறுக்க. காலையில் சாம்பார் வாளியைத் தூக்கினாள். துரைசிங்கின் சம்சாரம், இப்போது உயிரோடில்லை, சிரித்துக்கொண்டே வந்து வாளியை வாங்கினாராம். "நீங்க எதுக்கு சிஸ்டர் கஷ்டப்படுதிய, இலை போடுங்க, போதும்." அதட்டல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. இரவெல்லாம் அவள் நறுக்கிய காய்தான் வாளிக்குள் இருந்தது, அது பரவாயில்லை, பரிமாறுகிற கை எந்தத் தெருக் கை என்று எல்லோர் கண்ணிலும் படுமே, அதுதான் ஆகாது. மரகதம் இலை போட்டாள். வீட்டுக்கு வந்து சிரித்தாள். "இலை போடுத வேலதான் சொகமாயிருக்கு, குழம்பு கையில கொட்டாது," என்றாள். எட்னாதான் குதித்தாள், போய்க் கேட்கப் போகிறேன் என்று. "கேளு. கேட்டா என்ன சொல்லுவாக? அப்படியா சிஸ்டர், நாங்க அப்படி நெனைக்கவே இல்லியேம்பாக. அதையும் நான் நின்னு கேக்கணும். சும்மா இரு," என்றாள் மரகதம். எட்னா சும்மா இருந்தாள். அடுத்த வருஷமும் சும்மா இருந்தாள். அசனத்துக்குப் பாட்டு வாசித்தாள். சும்மா இருக்கிறவர்களுக்குத்தான் கை நிறைய வேலை கொடுப்பார்கள்.

ஆயரம்மா பிரசங்க பீடத்தில் ஏறினார். ஒல்லியான உருவம், கனமான குரல். நியாயத்தைப் பற்றிப் பேசினார். கிணற்றடியில் ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றி, கோயிலுக்குள்ளேயே இரண்டு வாசல் வைத்துக்கொண்ட சபைகளைப் பற்றி, அன்புக்கு எல்லை போட நாம் யார் என்பதைப் பற்றி. பொய்யில்லாத பேச்சு. அதனால்தான் இன்னும் எரிந்தது. பொய் என்றால் தள்ளிவிட்டுப் போகலாம். இந்தப் பேச்சு எங்கே இருந்தது அன்றைக்கு? கார்த்திகை அடைமழையில், மரகதத்தைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், அவளிடமே வேலை பழகின ஒரு சின்னப் பெண் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நீங்க அவங்களுக்கு என்ன உறவுன்னு டாக்டர் கேக்கிறார்," என்றபோது எங்கே இருந்தது? என்ன உறவு. வாய் திறந்தது. உள்ளேயிருந்து வந்தது ஊர் கொடுத்த சொல்தான், வேறு சொல் கைவசம் இல்லை. சிநேகிதி. "அப்போ சொந்தக்காரங்க யாராவது வந்து கையெழுத்துப் போடணும் மேடம்." பல வருஷமாக எட்டிப் பார்க்காத மரகதத்தின் அண்ணன்காரன் வந்து போட்டான். அவன் உள்ளே இருந்தான், இவள் வெளியே இருந்தாள். கண்ணாடிக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் மரகதத்தின் கால் மட்டும் தெரிந்தது, போர்வை விலகி. வெளிறிப்போன பாதம். அவளுக்குக் கால் குளிர்ந்தால் தூக்கம் வராது. போர்வையை இழுத்துவிடச் சொல்லுங்கள் என்று யாரிடம் சொல்வது, எந்த உறவில் சொல்வது. விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது.

பிறகு துரைசிங் வீட்டுக்கு நடந்து போனதை இப்போதும் உடம்பு நினைத்துக்கொண்டது, முழங்கால் வலித்தது. மழை. சேலை ஓரம் சேறு. அவர் முன்னறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார். "கல்லறைத் தோட்டத்துல எங்க அப்பா அம்மா பக்கத்துல எனக்குன்னு ஒரு எடம் இருக்கு அண்ணாச்சி. அதுல மரகதத்த வைக்கணும். எனக்கு நேரம் வரும்போது அதே குழியிலேயே என்னையும் வைங்க, போதும்," என்றாள். அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரக்கமாகத்தான் பேசினார். "வருத்தம் புரியுது டீச்சர். ஆனா சிநேகிதிங்கிறது வேற, குடும்பம்ங்கிறது வேற. குடும்பக் கல்லறையில எப்படி? அதுவும் போக..." அத்தோடு நிறுத்திக்கொண்டார். அதுவும் போக. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு இருமல், மேசையிலிருந்த தண்ணீர் டம்ளர், ஒரு வாய் தண்ணீர். அதுவும் போக என்ன? அதுவும் போக அவள் எந்தத் தெரு. அதுவும் போக அவள் யார் பிள்ளை. அதுவும் போக உங்கள் அப்பா எழும்பி வந்து பக்கத்தில் யார் படுத்திருக்கிறது என்று கேட்டால். சொல்லாமல் விட்டாலும் கேட்கும்படியாக நிறுத்துகிறதற்கு ஒரு பழக்கம் வேண்டும், பரம்பரையாக வரவேண்டும். மூன்று வருஷம் ஆகிறது, இராத்திரி படுத்தாலும் பகலில் பேருந்துக்கு நின்றாலும் அந்த வாக்கியத்தை அவள்தான் முடித்துக்கொண்டிருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் ஒரு விதமாக. அண்ணன்காரன் சொந்த ஊருக்குக் கொண்டுபோனான். அங்கேயும் கல்லறைத் தோட்டம் இரண்டு, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போகிற வழியில் இந்தக் கோயிலில் பத்து நிமிஷம் ஆராதனை. உறவினர்களுக்கு முன்வரிசை. எட்னாவுக்கு ஆர்கன். யாரும் அவளை வாசிக்கச் சொல்லவில்லை, யாரும் வாசிக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேறு எங்கே போய் உட்காருவது என்று தெரியாமல் வழக்கமான பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்ததும் விரல் ஓடியது. சவப்பெட்டியைத் தூக்கினபோது அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, பாட்டில் இன்னும் இரண்டு அடி பாக்கி இருந்தது. பிறகு துரைசிங் வந்து சொன்னார்: "இன்னைக்கு ரொம்ப உருக்கமா வாசிச்சிட்டீங்க டீச்சர்."

பிரசங்கம் முடிந்துவிட்டது. எப்போது முடிந்தது என்று தெரியவில்லை. துரைசிங் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து தாளை விரித்தார். குரல் கொஞ்சம் நடுங்கியது, அதையும் அவள் கவனித்தாள், நடுங்கட்டும். "இந்தச் சபை இனி சாதியின் பேரிலோ, ஆண் பெண் என்கிற பேதத்தின் பேரிலோ யாருடைய அன்பையும் தள்ளி வைக்காது. இனி யாருடைய இணைவையும் வேற்றுமையாகப் பார்க்காது. இனி நமது கல்லறைத் தோட்டத்திலும் பேதம் இராது. நம் பிள்ளைகளான அக்சாவும் யமுனாவும் இந்தப் பீடத்தின் முன்னால் இணைவதற்குச் சபை துணை நிற்கும். சம்மதிக்கிறவர்கள் எழுந்து நிற்கவும்." பெஞ்சுகள் கிறீச்சிட்டன. முதலில் இளவட்டங்கள், பிறகு மாதர் சங்கம், பிறகு மற்றவர்கள். பின்வரிசையில் நாலைந்து குடும்பம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது. அக்சா அழுதாள். யமுனா அவள் முதுகில் கையை வைத்திருந்தாள், எல்லோர் முன்னாலும், வெளிச்சத்தில். எட்னா பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள். அவள் எழுந்தாளா என்று யாரும் பார்க்கவில்லை, ஆர்கன் வாசிக்கிறவர் எப்போதும் உட்கார்ந்திருப்பவர்தானே. இனி, இனி, இனி. மூன்று தடவை சொன்னார். இனி என்றால் இதற்கு முன்னால் என்று ஒன்று இருந்திருக்கிறது. அதற்கு யார் எழுந்து நிற்பது? அந்தத் தாளில் அதற்கு ஒரு வரி இல்லையே. தவறு செய்தோம் என்று ஒரு வரி, அதுகூட வேண்டாம், இப்படி நடந்தது என்று ஒரு வரி. சாதி என்ற சொல்லை எவ்வளவு சுத்தமாக உச்சரித்தார், வேறு எந்த ஊரிலோ நடக்கிற காரியம் மாதிரி. பேத்திக்கு என்றதும் நியாயம் வந்துவிட்டது. பேத்திக்கு என்று வந்தாலும் வந்தது நியாயம்தானே என்று இன்னொரு மனசு சொன்னது. ஆமாம், நியாயம்தான். நல்ல காரியம்தான். நல்ல காரியத்தைப் பார்த்து இப்படி எரிகிறதே, இந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

காணிக்கைப் பாட்டு. விரல் ஓடியது. எழுந்து சொல்லிவிடலாமா என்று நினைத்த மாத்திரத்தில் பயம் வந்தது. ஐம்பத்தாறு வயதில் என்ன பயம் என்று கேட்கலாம். சனிக்கிழமை பாட்டு கிளாசுக்கு வருகிற பிள்ளைகள்; அம்மாக்கள் மறுவாரமே நிறுத்திவிடுவார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள், பரீட்சை நேரம் டீச்சர் என்பார்கள். சென்னையிலிருக்கிற தம்பி போன் பண்ணுவான், என்னக்கா இது என்பான். அதைவிட மரகதம். மரகதத்துக்கு இது பிடிக்குமா? "நமக்கு எதுக்கு ஊரு வாயி? கதவச் சாத்துனா நம்ம வீடு," என்பாள். கதவைச் சாத்திச் சாத்தியே இருபது வருஷம் வாழ்ந்தாயிற்று. செத்தபோது அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். நீ சொல்லித்தான் சும்மா இருந்தேன், மரகதம். இன்றைக்கும் சும்மா இரு என்பாயா? அவள் முகத்தை நினைத்துப் பார்த்தாள். போனவர்கள் எந்தப் பக்கமும் சாய மாட்டார்கள், இருக்கிறவர்கள்தான் அவர்கள் வாயில் சொல்லைப் போட்டுக்கொண்டு தப்பித்துக்கொள்வது.

மன்றாட்டு ஜெபம் வந்தது. நோயாளிகளுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக, வேலையில்லாத பிள்ளைகளுக்காக. அவள் வழக்கம்போல மெல்லிசாக அடியில் வாசித்துக்கொண்டிருந்தாள். மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆயரம்மா, அச்சடித்த வரியைப் பார்த்து, மாதா மாதம் சொல்கிறபடியே சொன்னார்: "புருஷனை இழந்த சகோதரிகள் எழுந்து நில்லுங்க. உங்களுக்காக ஜெபிப்போம்." அங்கங்கே பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்தார்கள். மரகதம் போன பிறகும் மூன்று வருஷமாக இந்த வரிக்கு அவள் வாசித்து வருகிறாள், அது தனக்கும் உரியது என்று ஒருநாளும் எண்ணினதில்லை, எண்ண விட்டதில்லை. இன்றைக்கு அந்த வரி நேராக வந்து முகத்தில் அறைந்தது. இப்போதுதானே எல்லோரும் எழுந்தீர்கள்? உட்கார்ந்த சூடு ஆறவில்லை, அதற்குள் அதே புருஷன், அதே அச்சு வரி. இடது கை முதலில் கட்டையை விட்டு எழும்பியது. பிறகு வலது கை. ஆர்கன் நின்றதும் மின்விசிறிகளின் சத்தம் பெரிதாகக் கேட்டது. எட்னா எழுந்து, சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். துரைசிங் குனிந்தபடி விரைந்து வந்தார். "என்ன டீச்சர், உடம்புக்கு முடியலியா?" என்றார் தணிந்த குரலில். "நல்லாத்தான் இருக்கேன் அண்ணாச்சி." "பிறகு எதுக்கு எந்திரிச்சு நிக்கீங்க? இது புருஷனப் பறிகொடுத்தவங்களுக்குலா." "நானும் பறிகொடுத்தவதான்," என்றாள். வகுப்பறையின் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்ப் பழகின குரல், தணித்துப் பேச வரவில்லை. "மரகதத்தப் பறிகொடுத்தவ. நீங்க குடும்பம் வேறன்னு எடம் தரமாட்டேன்னு சொன்னீங்கள்லா, அந்த மரகதம்." துரைசிங் சபையைத் திரும்பிப் பார்த்தார். "அதெல்லாம் இப்போ எதுக்கு டீச்சர்? அதுக்குத்தான இன்னைக்குத் தீர்மானமே..." "தீர்மானம் உங்க பேத்திக்கு. நல்லா இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு நான்தான் வாசிப்பேன். எனக்கு யாரு எந்திரிச்சா? அன்னைக்கு அதுவும் போகன்னு சொல்லி நிறுத்துனீங்களே அண்ணாச்சி, மூணு வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். மிச்சத்தச் சொல்லுங்க. சபையும் கேக்கட்டும்." அவர் வாயைத் திறந்தார். இருமல் வரவில்லை, தண்ணீர் டம்ளரும் பக்கத்தில் இல்லை. தாளை நாலாக மடித்தார், பிறகு எட்டாக மடித்தார், முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. பாட்டு கிளாசுப் பிள்ளைகள் இரண்டு பேரை அவர்களுடைய அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறினார், சின்னவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பயந்தது நடந்துவிட்டது. நடந்துவிட்டதும் அந்தப் பயம் அவ்வளவு பெரிதாகவும் தெரியவில்லை. பீடத்திலிருந்து ஆயரம்மா ஒரு படி கீழே இறங்கி வந்தார், முகம் வெளுத்திருந்தது. "எனக்குத் தெரியாது டீச்சர். ஒருத்தரும் சொல்லல," என்றார். பிறகு, "பேர் என்ன சொன்னீங்க?" என்றார். "மரகதம்," என்றாள் எட்னா. ஆயரம்மா கண்ணை மூடினார். அச்சடித்த வரியை விட்டுவிட்டு, தேடித் தேடி, மரகதத்தை இழந்த எட்னாவுக்காக என்று ஆரம்பித்தார். இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தில் அந்தக் கோயிலுக்குள் வந்தார்கள். அழுகை வரும் என்று எட்னா நினைத்தாள். வரவில்லை. கோபம் அப்படியே இருந்தது, காலடியில் தரை மாதிரி, அதன்மேல் நின்றுகொள்ள முடிந்தது. ஆமென் சொல்லி எல்லோரும் உட்கார்ந்தார்கள், அவளும் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டின் எண்ணை அறிவித்தார்கள். சபை எழுந்து நின்று ஆர்கனுக்காகக் காத்திருந்தது. அவள் கைகள் மடியில் இருந்தன. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ பதற்றத்தில் தானாகவே பாட்டை எடுத்தார்கள், மிகவும் உயரமாக எடுத்துவிட்டார்கள். மற்றவர்களும் தொற்றிக்கொண்டு ஏறினார்கள். நாலாவது அடியில் ராகம் இன்னும் மேலே போகும், இந்தச் சுருதியில் அது ஒருத்தருக்கும் எட்டாது என்று எட்னாவுக்குத் தெரியும். ஒரே ஒரு கட்டையைத் தொட்டால் போதும், எல்லோரையும் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிடலாம். அவள் தொடவில்லை. எட்டாத இடம் வந்தது. பாடட்டும் என்று இருந்தாள்.